வார நாள் மழை

எங்கள் வளிமண்டலவியல் லேபுக்கு ஜன்னல் கிடையாது. கட்டிடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. வெளியே மழை பெய்கிறதா என்று தெரிய வேண்டுமானால் கம்ப்யூட்டரைப் பார்ப்போம். இதை ஒரு குறையென்று யாரும் சொன்னதில்லை.

அக்கா அங்கே ஏழாவது வருடமாக பிஎச்.டி. செய்துகொண்டிருந்தார். கூடப் பிறந்தவர் இல்லை, சீனியர். நான் சேர்ந்த முதல் நாள் எனக்கு நாற்காலி இல்லையென்று தன்னுடையதைத் தள்ளிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தவர். இன்னும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறார். நான் எழுதுவதையெல்லாம் வரி வரியாகத் திருத்துவார். ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகத் திட்டுவார்.

வெள்ளிக்கிழமை அவருக்கு ரிவ்யூ கமிட்டி. புதிதாக ஏதாவது காட்டினால் கடைசியாக ஆறு மாதம் நீட்டிப்பு. இல்லாவிட்டால் பதிவு ரத்து, ஏழு வருடமும் போச்சு.

காட்டுவதற்கு அக்காவிடம் ஒரு மழை இருந்தது.

மொட்டை மாடியில் அவர் வைத்திருந்த மழைமானிக்குள் ஒரு குட்டி வாளி உண்டு. ஆறேகால் மில்லி தண்ணீர் சேர்ந்தால் சாயும். ஒரு சாய்வுக்கு 0.2 மில்லிமீட்டர் மழை என்று பதிவாகும். ஏப்ரலிலிருந்து எட்டு மாதமாக, பகல் பன்னிரண்டே முக்காலுக்கு ஏறக்குறைய இருபது சாய்வு. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். வார நாட்களில் மட்டும். அரசு விடுமுறைகளையும் அந்த மழை அனுசரித்தது.

சாதாரண மனிதர்கள் இந்த இடத்தில் சந்தேகப்பட்டிருப்பார்கள். நாங்கள் ஆராய்ச்சியாளர்கள். வார நாட்களில் கட்டிடம் முழுக்க ஏசி ஓடுகிறது. அதன் வெளி யூனிட்டுகள் மாடியில் சூடான காற்றைத் தள்ளுகின்றன. அந்தக் காற்று மேலே போய் மேகமாகித் திரும்ப எங்கள் தலையிலேயே பெய்கிறது. அக்கா நாற்பது பக்கம் எழுதிவிட்டார். அது ஏன் ரேடாரில் தெரியவில்லை என்பதற்கு மட்டும் ஆறு பக்கம்.

"ஒரே ஒரு போட்டோ இருந்தா போதும்மா, கமிட்டி வாயைத் திறக்காது," என்றார் எங்கள் ஆராய்ச்சி கைடு.

அதனால் வியாழக்கிழமை மதியம் நான் போனையும் குடையையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

மாடியில் அக்காவின் கணவர் இருந்தார். பல்கலைக்கழகப் பராமரிப்புப் பிரிவில் ஏசி மெக்கானிக். எனக்கு மாமா முறை என்று அவரே முடிவு செய்திருந்தார். மழைமானிக்கு முன்னால் குனிந்து நின்று, பிளாஸ்க் மூடியிலிருந்து தண்ணீரைச் சிந்தாமல் அதற்குள் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ளே, குடையோட?"

"மழை வரும்னு சொன்னாங்க மாமா."

"யாரு, உங்க டிபார்ட்மெண்டா? அப்ப வராது."

"நீங்க என்ன பண்றீங்க?"

குரலைத் தாழ்த்தினார். "உங்க அக்காகிட்ட சொல்லிடாதே. மெஷின்ல கை வெச்சா கையை உடைச்சிருவேன்னு சொல்லியிருக்கா. நான் கை வெக்கல. இந்தப் புறாங்க உக்காந்து அசிங்கம் பண்ணிட்டுப் போகுது. ஏப்ரல்ல ஒருநாள் ஓட்டை அடைச்சுக்கிச்சு, ஒரு வாரக் கணக்கு போச்சுன்னு வீட்ல வந்து அழுதா. அன்னியிலேருந்து தினமும் சாப்பிடறதுக்கு முன்னாடி ஒரு மூடி ஊத்தி அலசி விட்டுடறேன்."

"ஒரு மூடிதானா?"

"ஒரே மூடி. விளிம்பு வரைக்கும். செய்யறதை ஒழுங்கா செய்யணும்ல?"

எட்டு மாத அன்பு. 0.2 மில்லிமீட்டர் துல்லியத்தில் பதிவாகியிருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். மாமா மூடியைக் கையில் வைத்தபடியே ஏசி யூனிட்டின் திட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"தினமும் இங்கதானே சாப்பிடறீங்க? ஒருநாள்கூட நனையலையேன்னு தோணலையா மாமா?"

"படிச்சவ சொல்றா, மத்தியானம் மழை பெய்யுதுன்னு. நான் நனையலைன்னா அது என் அதிர்ஷ்டம்னு நெனச்சேன்." மூடியைப் பிளாஸ்க்கில் திருகிக்கொண்டே, "நீயே சொல்லிடறியா?" என்றார்.

"நீங்கதானே புருஷன்."

"அதனாலதான் கேக்கறேன்."

கடைசியில் இருவரும் கீழே போனோம். அவரே சொன்னார். அக்கா கத்தவில்லை. ஸ்லைடில் இருந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தினமுமா?"

"தினமும்."

"நான் காய்ச்சல்ல பத்து நாள் வராம இருந்தப்ப?"

"அப்பவும்தான். மெஷின் தனியாத்தானே இருந்துச்சு."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சாப்டீங்களா?"

"இல்ல."

"போய் சாப்பிடுங்க."

அவர் போனதும் நான் ஒரு யோசனை சொன்னேன். மாடியில் நடந்தது மூன்று பேருக்குத்தான் தெரியும். கமிட்டிக்கும் ஜன்னல் கிடையாது.

"டேய், தெரியாம நாப்பது பக்கம் எழுதிட்டேன். தெரிஞ்சு ஒரு வரி எழுத வராது," என்றார். ஒவ்வொரு ஸ்லைடாக அழிக்க ஆரம்பித்தார். பாதியில் கை நின்றது.

"ஒரே மூடின்னாரா?"

"விளிம்பு வரைக்கும்னார்."

அக்கா பழைய பதிவுகளைத் திறந்தார். ஏப்ரலில் இருபது சாய்வு. ஜூலையில் பத்தொன்பது. இப்போது பதினேழு.

"அந்த மனுஷன் அளவு மாத்தவே மாட்டார். சம்பள நாள்லகூட ஒரு டீதான்," என்றார். "அப்ப மாறினது மெஷின்."

மாடிக்குப் போய் மழைமானியைத் திறந்து பார்த்தோம். வாளியைத் தாங்கும் திருகு மெல்ல மெல்லத் தளர்ந்திருந்தது. சாய்வதற்கு முன்னால் வாளி அதிகத் தண்ணீர் கேட்டிருக்கிறது. பெரிய மழைகளில் எங்கள் மழைமானி ஊர் வானிலை நிலையத்தைவிட மாதாமாதம் குறைத்துக் காட்டியதன் காரணம் அதுதான். காற்றுதான் காரணம் என்று கைடு ஒரு கட்டுரையே எழுதியிருந்தார். எவ்வளவு தப்பு, எந்த வாரத்திலிருந்து தப்பு என்பதற்கு இப்போது வார நாள்தோறும் ஒரு மூடித் தண்ணீர் சாட்சி இருந்தது.

வெள்ளிக்கிழமை, முன்பே அனுப்பியிருந்த சுருக்கத்தைப் படித்திருந்த கமிட்டித் தலைவர் முதல் கேள்வியே மழையைப் பற்றித்தான் கேட்டார். "இந்த மத்தியான மழைக்கு என்னம்மா காரணம்?"

"அது மழை இல்ல சார். என் வீட்டுக்காரர்."

கைடு தண்ணீர் குடித்தார். அக்கா மூடியிலிருந்து திருகு வரை எல்லாவற்றையும் சொன்னார். காட்டுவதாக இருந்த அத்தியாயத்தைத் தானே நீக்கிவிட்டதையும் சொன்னார். வெளியிலிருந்து வந்திருந்த நிபுணர் மேடம் மட்டும் விடவில்லை.

"தினமும் ஒரே அளவுதான் ஊத்தினார்னு எப்படி நம்பறது?"

மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். யூனிஃபார்மில், பிளாஸ்க்கோடு வந்து வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். மேடம் ஓர் அளவுக் குடுவையை மேசையில் வைத்து, பத்து தடவை மூடியால் ஊற்றச் சொன்னார். முதல் தடவை மூடி சரிந்து பாதி சட்டைக் கைக்குள் போயிற்று. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாமென்று தலைவரே சொன்னார். அடுத்த பத்தும் நூற்று இருபத்தைந்து மில்லி, நூற்று இருபத்தாறு, நூற்று இருபத்தைந்து. மேடம் பேனாவை மூடினார்.

"எங்க லேப்ல இப்படி ஊத்த ஆளில்ல," என்றார்.

ஆறு மாதம் கொடுத்தார்கள்.

வராந்தாவில் மாமா அக்காவுக்கு ஓரடி பின்னாலேயே நடந்தார். "கோவம் போச்சா?"

"இருக்கு. நாப்பது பக்கத்துக்கு இருக்கு." அக்கா நின்று, அவருடைய ஈரச் சட்டைக் கையைப் பிடித்துப் பிழிந்துவிட்டார். தண்ணீர் தரையில் சொட்டியது.

"இது ஒரு அம்பது மில்லி இருக்குமா?" என்றார் மாமா.

"பேசாம வாங்க," என்றார் அக்கா. சட்டைக் கையை விடவில்லை.