சத்தத்துக்கு முறை வைத்த தெரு

குறிஞ்சி நகர் இரண்டாம் தெருவில் சாலைச் சத்தம் கடைசி வீட்டில் மட்டும்தான் கேட்கும். மற்ற வீடுகளில் அடுப்பில் கடுகு வெடித்தால் அடுத்த அறைக்குக் கேட்கும். கடைசி வீடான ஈஸ்வரியின் வீட்டிலோ குக்கர் விசில் அடித்ததா இல்லையா என்பதை ஆவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆலங்காயத்திலிருந்து மலைக்கு ஏறும் சாலையை அகலப்படுத்தியபோது ஆளுயரத்துக்கு மண் கொட்டி உயர்த்திவிட்டார்கள். தெருவோ அந்தச் சாலை ஓரத்திலிருந்து சரிந்து இறங்குகிறது; மனை போடுவதற்கு முன்னால் அது கழனி. மேட்டில் விழுந்தது பள்ளத்துக்குத்தானே வரும்? கல் ஏற்றிய டிப்பர், புளி மூட்டை லாரி, வாணியம்பாடி பஸ், ஞாயிற்றுக்கிழமை மலை பார்க்கப் போகும் வேன் என்று எல்லாவற்றின் சத்தமும் சாலை விளிம்பில் வழிந்து, தெரு நடுவே கணுக்கால் அளவில் ஓடி, கடைசி மனையில் போய்த் தேங்கியது. மேட்டு வீட்டுப் பெண்கள் நிற்கும்போது ஒன்றும் கேட்காது. கோலம் போடக் குனிந்தால் காதுக்குள் பஸ் போகும். தெருவைக் கடக்கும்போது புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

விலை குறைவு என்றுதான் ஈஸ்வரியும் அவள் கணவன் ராஜேஷும் அந்தப் பள்ளத்து மனையை வாங்கினார்கள். அந்தத் தெரு மனைகளையெல்லாம் விற்றுக்கொடுத்து, தனக்கென்று சாலையோரத்து முதல் மனையை ஒதுக்கிக்கொண்ட ராஜவேலு, "பள்ளம்னா நல்லதுதான்மா, போர் போட்டா தண்ணி வத்தாது" என்று சொல்லியிருந்தார். சொன்னது பொய்யில்லை, தண்ணீர் வற்றவில்லை. சத்தமும் வற்றவில்லை. காலையில் முழங்கால் வரை நிற்கும். ஷூ கம்பெனி பஸ்கள் திரும்பும் சாயங்காலத்தில் ஜன்னல் விளிம்பைத் தொடும். ஞாயிறு என்றால் கேட்கவே வேண்டாம், பரணில் கிடக்கும் பித்தளை அண்டா வரைக்கும் ஏறி அதை நடுங்க வைக்கும். ராஜேஷ் வாணியம்பாடியில் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தான். வீட்டுக்கு வந்தால் புருஷனும் பெண்டாட்டியும் கையால்தான் பேசிக்கொள்வார்கள். குடிவந்த நாளிலிருந்து ஒரு சண்டையைக்கூட உருப்படியாகப் போட்டு முடிக்க அவர்களுக்கு வாய்க்கவில்லை.

அதையெல்லாம் ஈஸ்வரி பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்று: அந்த வீட்டிலேயே பிறந்த மகள் சுவேதா மூன்றாவது வயதை நெருங்கியும் ஒரு வார்த்தை பேசவில்லை. திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் காதைப் பார்த்தார்கள், நாக்கைப் பார்த்தார்கள், எல்லாம் பழுதில்லாமல் இருக்கிறது, வீட்டில் நிறையப் பேச்சுக் கொடுங்கள் என்று அனுப்பினார்கள். எங்கே கொடுப்பது? "அம்மா சொல்லு" என்று ஈஸ்வரி குழந்தையின் முகத்துக்கு நேராகச் சொல்வாள். 'அம்' என்பதற்குள் ஒரு டிப்பர் வந்து 'மா'வை அடித்துக்கொண்டு போய்விடும். தாய் வீட்டுக்குக் கூட்டிப் போனாலும் பிரயோசனம் இல்லை. அங்கே இருந்த அமைதியில் சுவேதா பிறந்தது முதல் பாக்கி வைத்திருந்த தூக்கத்தையெல்லாம் தூங்கினாளே தவிர வாயைத் திறக்கவில்லை. வாய் பேசாமலே போய்விடுவாளோ என்று ஈஸ்வரி பயந்தாள். மலையடிவாரத்தில் அவள் வேண்டிக்கொள்ளாத சாமி இல்லை.

செய்து பார்க்காத உபாயமும் இல்லை. ஜன்னலுக்கெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டிப் பார்த்தார்கள். உள்ளே வந்த சத்தம் வெளியே போக வழியில்லாமல் இரண்டு நாள் அப்படியே நின்று புளித்துப்போயிற்று. சாலையில் 'ஹாரன் அடிக்காதீர்' என்று பலகை வைத்தார்கள். முன்னால் போன வண்டி பலகையைப் படிக்க வேகத்தைக் குறைத்தது, பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். மனு கொடுத்ததில் ஒருமுறை மீட்டரோடு ஒரு அதிகாரி வந்தார். பாவம், நல்ல மனுஷன். ஈஸ்வரியின் வீட்டில் அளந்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தவர், தெரு முழுவதற்கும் சராசரி போட்டால் அளவுக்குள்தான் இருக்கிறது என்று சொல்லி, ராஜவேலு வீட்டில் மோர் குடித்துவிட்டுப் போனார்.

அந்த ஐப்பசியில் ஒரு மத்தியானம் ஜவ்வாது மலை முழுக்க இருட்டிக்கொண்டு கொட்டியது. தெருவில் செம்மண் தண்ணீர் உருண்டு வந்து ஈஸ்வரியின் வாசற்படியில் மோதியது. கழனிக்காரன் மகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? மண்வெட்டியை எடுத்தாள், முந்தானையைச் செருகினாள், வாசலை மறித்து ஒரு வரப்புப் போட்டு, பக்கத்து வீட்டு ஓரமாக ஓடும் கால்வாய்ப் பக்கம் வாய் வெட்டிவிட்டாள். தண்ணீர் திரும்பியது. மழையும் விட்டது. தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வீட்டில் சத்தம் இல்லை. சுவர்க் கடிகாரம் டிக் டிக் என்றது; அது சத்தம் போடுகிற கடிகாரம் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். தன் வளையல் குலுங்குவதைக் கேட்டாள். கூடத்துக் கொடியில் கிடந்த துணி காற்றில் அடித்துக்கொள்வதைக் கேட்டாள். ஐயோ சாமி, என்ன சுகம்! குழந்தையைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு டிப்பர் ஹாரனும், அதற்கு மேலே சுந்தரம்மாளின் அலறலும் ஒன்றாகக் கிளம்பின.

சுந்தரம்மாள் சும்மா விடுகிற ஆளா? மண்வெட்டியோடு வந்து வரப்பை உடைத்தாள். சத்தம் மறுபடி ஈஸ்வரியின் வீட்டுக்குள் பாய்ந்தது. ஈஸ்வரி அடைத்தாள். அவள் உடைத்தாள். தெருவே கூடிவிட்டது.

"உன் வூட்டு சத்தத்த என் வூட்டுக்கு இன்னாத்துக்குடி திருப்பற?" என்றாள் சுந்தரம்மாள்.

"என் வூட்டு சத்தமாக்கா? நானா ரோட்ல லாரி ஓட்றேன்?"

மேட்டிலிருந்து நிதானமாக இறங்கி வந்த ராஜவேலு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பள்ளத்துல மனை வாங்கனவங்க அனுசரிச்சுதான் போவணும். நாங்கல்லாம் இன்னா பண்ண முடியும்?" என்றார்.

அதுவரை ஈஸ்வரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சுந்தரம்மாள் விருட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். அரை மணி நேரம்தான் அவள் சத்தத்தில் நனைந்திருந்தாள், அதற்கே தலை கிண்ணென்றிருந்தது. "ஓகோ, மேட்டுக்காரனுக்கு ஒரு ஞாயம், பள்ளத்துக்காரிக்கு ஒரு ஞாயமா? ரோடு எல்லாருக்கும்தான கீது? பஸ்ஸு ஏறச்சொல்ல மட்டும் ஓடறீங்க இல்ல? கெணத்துத் தண்ணி மாரி முறை வெச்சி எட்த்துக்கோங்களேன் பார்க்கலாம்!"

குத்திக்காட்டத்தான் சொன்னாள். ஆனால் கூட்டம் கப்பென்று அடங்கிவிட்டது. அந்தப் பக்கத்தில் பங்குக் கிணற்றில் தண்ணீர் குடிக்காத குடும்பம் கிடையாது. ஒரு கிணறு, நாலு பங்காளி. இன்று ஒருவன் இறைத்தால் நாளை அடுத்தவன். முறை வந்தவன் எடுத்தே ஆக வேண்டும், எனக்கு வேண்டாம் என்று விட்டவனுக்குப் பங்கு போயிற்று. இதில் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் பார்ப்பதில்லை. மாவு மில் வைத்திருந்த விஜயராஜ்தான் முதலில் வாயைத் திறந்தான். "அக்கா சொல்றது சரிதான். ஒரு நாளைக்கு ஒரு வூடு. என் வூட்ல மில்லு ஓட்ற சத்தத்தோட இதுவும் சேந்துக்கினு போவட்டும்."

ராஜவேலு மட்டும் மறுப்பாகத் தலையை ஆட்டினார். சத்தம் மேடேறாது, தன் வீட்டுக்கு எப்படி வரும் என்று கேட்டார். உங்கள் கேட்டுக்குக் கீழே தெருவை மறித்து அணை கட்டினால் தானாக எதிர்த்துக்கொண்டு ஏறும் என்று நாலு பேர் ஒரே குரலில் சொன்னார்கள். ஈஸ்வரி அவர் முன்னால் போய் நின்றாள். அழக்கூடாது என்றுதான் நினைத்தாள், முடியவில்லை. "அண்ணா, என் பொண்ணு இன்னும் அம்மான்னு கூப்டலண்ணா. ஒரே ஒரு நாள் உங்க வூட்ல வெச்சிக்கோங்க. உங்களுக்குப் புண்ணியமா போவும்."

அவர் பதில் சொல்வதற்குள் அவர் மனைவி ரத்தினம்மாள் மேலே கேட்டை அகலத் திறந்துவிட்டாள். "உடும்மா உடு, உள்ள வரட்டும். இந்த மனுசன் கொறட்டைக்கு டிப்பர் எவ்ளவோ தேவல." தெருவே சிரித்தது. ராஜவேலுவும் வேறு வழியில்லாமல் சிரித்துவைத்தார்.

இப்படித்தான் குறிஞ்சி நகரில் சத்தத்துக்கு முறை வந்தது. முதல் முறை ராஜவேலு வீட்டுக்கு. விடிந்ததும் வரப்புப் போட்டார்கள். முதல் பஸ்ஸின் சத்தம் தெருவில் இறங்கி, தடுமாறி, திரும்பி, அவர் வீட்டு கேட்டுக்குள் நுழைந்தது. அன்று முழுக்க அவர் மொட்டை மாடியில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் மண்வெட்டி அடுத்த வீட்டுக்குப் போயிற்று. யார் கையில் மண்வெட்டி இருக்கிறதோ அவர் வீட்டில் சத்தம். கொஞ்ச நாளிலேயே இது கிணற்று மோட்டார் சாவியைக் கைமாற்றுவது போலப் பழகிப்போனது. பிள்ளைக்குப் பரீட்சை என்றால் முறையை மாற்றிக்கொண்டார்கள். பெண் பார்க்க வரும் நாளில் பக்கத்து வீடு ஏற்றுக்கொண்டது. மாமியாரோடு பேச்சுவார்த்தை இல்லாத ஒரு மருமகள் தானாகவே இன்னொரு நாள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

தெருவுக்கு இப்போது ஒரே எதிர்பார்ப்பு, சுவேதா எப்போது பேசுவாள்? ஈஸ்வரியின் வீடு திருவிழாக் கணக்காக இருந்தது. ஆளுக்கு ஒரு தின்பண்டத்தோடு வந்தார்கள். சுந்தரம்மாள் முறுக்கைக் காட்டி "பெரீம்மா சொல்லு" என்றாள். ராஜவேலு பலூன் வாங்கிவந்து "மாமா சொல்லு கண்ணு" என்றார். விஜயராஜ் மில் மாவு அப்பிய கையோடு வந்து குழந்தையைப் பயமுறுத்திவிட்டுப் போனான். சுவேதா முறுக்கைத் தின்றாள், பலூனை உடைத்தாள், கடிகாரத்தின் கீழே உட்கார்ந்து அதையே பார்த்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை. ஒரு நாள் போயிற்று, இன்னொரு நாள் போயிற்று. வருகிறவர்கள் சிரிப்பதும் குறைந்தது. ஈஸ்வரிக்கு வேறு பயம் வந்தது. இத்தனை நாள் பழியைப் போட ஒரு சத்தமாவது இருந்தது. இனி யார் மேல் போடுவது? கடிகாரம் இப்படிக் கேட்கும் வீட்டிலேயே பேசாதவள் இனி எங்கே பேசப்போகிறாள்?

முறை தெருவைச் சுற்றிக்கொண்டு ஈஸ்வரியின் வீட்டுக்கு வந்து நின்றது. மண்வெட்டியைக் கொண்டுவந்த சுந்தரம்மாள் அதைக் கீழே வைக்கவில்லை. "வோணாம் ஈஸ்வரி. உன் முறைய நாங்க பார்த்துக்கறோம். கொயந்தய வெச்சிக்கினு எதுக்கு உனக்கு?" என்றாள். அவள் மனசாரத்தான் சொன்னாள், ஈஸ்வரிக்கும் அது தெரியும். ராஜேஷ்கூட வாங்கிக்கொள்ளாதே என்று கண்ணைக் காட்டினான்.

"இல்லக்கா," என்றாள் ஈஸ்வரி. "முறைய உட்டா பங்கு போய்டும். இன்னிக்குப் பாவம் பார்ப்பீங்க, நாளைக்கு மறந்துடுவீங்க. குடுங்க."

தன் கையாலேயே தன் வாசல் வரப்பை வெட்டினாள். மேட்டிலிருந்து சத்தம் திமுதிமுவென்று இறங்கியது. முன்னால் ஒரு டிப்பர், அதை ஒட்டி வாணியம்பாடி பஸ், அதன் மேல் ஏறிக்கொண்டு நாலைந்து பைக். அது வாசற்படியில் ஒரு காலை வைத்தபோது நடுக்கூடத்தில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த சுவேதா எழுந்து நின்றாள். பிஸ்கட்டை இடது கைக்கு மாற்றினாள். வலது கையை இடுப்பில் வைத்தாள்.

"ஏய்! செருப்ப கயட்டிட்டு வா!"

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் வாசலில் ஈஸ்வரி ஓயாமல் சொன்னது அதுதான், கூடம் புழுதியாகிறதே என்று. சத்தம் திகைத்து நின்றுவிட்டது. மேட்டில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன, ஆனால் வாசலில் ஒரு கணம் ஒன்றும் அசையவில்லை. பிறகு படிக்கட்டில் டொக், டொக் என்று ஹாரன்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வைப்பது கேட்டது. டிப்பருடையது, பஸ்ஸுடையது, பைக்குகளுடையது. அதன் பின் வெறும் சக்கரங்களின் முணுமுணுப்பு மட்டும் உள்ளே வந்து, சுவரோரமாக, விருந்தாளி போல அடக்கமாக உட்கார்ந்துகொண்டது.

"பேசிட்டா! அக்கா, பேசிட்டா! எம்பொண்ணு பேசிட்டா!" ஈஸ்வரி தெருவில் ஓடினாள். சிரித்தாளா அழுதாளா என்று பார்த்தவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை. ராஜேஷ் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டுக் குழந்தையின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். தெரு முழுக்க ஓடி வந்தது. வந்தவர்களில் ஒருவர் பாக்கியில்லாமல், ராஜவேலு உட்பட, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படியேறினார்கள்.

அதன் பிறகு எந்த வீட்டுக்கு முறை போனாலும் சத்தம் ஹாரனை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறது. மறுநாள் அடுத்த வீட்டுக்குக் கிளம்பும்போது பொறுக்கிக்கொண்டு போகிறது. புதிதாகக் குடிவருகிறவர்களிடம் குப்பை வண்டி வரும் நேரத்தைச் சொல்லும்போதே முறையையும் சொல்லிவிடுகிறார்கள். யாரும் ஆச்சரியமாகக் கேட்பதில்லை.

சுவேதா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். திரும்பி வந்ததும் பேச ஆரம்பித்தால் விளக்கு வைக்கும் வரை ஓயமாட்டாள். போன வாரம் மாவு அரைத்துக்கொண்டிருந்த ஈஸ்வரி, "சித்த நேரம் வாய மூட்றியாடி!" என்று அலுத்துக்கொண்டாள். சொன்ன மறுநொடியே கிரைண்டரை நிறுத்திவிட்டு, மாவுக் கையோடு ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டு, "பேசும்மா, நீ பேசு" என்றாள். பேச்சை நிறுத்தாத சுவேதா அதைக் காதில் வாங்கவேயில்லை.