வெயிலில் தெரிந்த கோடுகள்

ஷெட்டுக்குள் கண்ணாடி மாதிரி பளபளத்த கறுப்புக் கார், வெயிலுக்கு வந்ததும் குட்டை உடைத்துவிட்டது. பானெட் முழுக்க வளையம் வளையமாகக் கோடுகள். ஆள் நகர்ந்தால் அவையும் கூடவே நகர்ந்தன.

"பாலிஷ் போடச் சொன்னா சிலந்தி வலை பின்னி வச்சிருக்கீங்களே மச்சான்!" என்றான் ஷெட் முதலாளி. அவன் பாலிஷ்காரனின் மனைவிக்குத் தம்பி. "சாயங்காலம் கார் ஓனரம்மா வராங்க. இதைப் பாத்தாங்கன்னா நாளைலேருந்து நீங்க டயர் கழுவத்தான்."

கோடு விழக் கூடாது என்றுதான் பாலிஷ்காரன் தேய்க்கிற மிஷினில் கம்பளிப் பேடைக் கழற்றிவிட்டு ஸ்பாஞ்சு பேடை மாட்டியிருந்தான். அப்புறமும் எப்படி விழுந்தது? பயத்தைவிட அந்தக் கேள்விதான் அவனைக் குடைந்தது. மிஷினைக் கவிழ்த்து ஸ்பாஞ்சைப் பார்த்தான். ஓரம் மட்டும் கறுத்துத் தேய்ந்திருந்தது. நடுப்பகுதி வாங்கின அன்றைக்கு இருந்த மஞ்சள் மாறாமல் இருந்தது.

"ஸ்பாஞ்சோட நடுப்பகுதி வண்டியைத் தொடவே இல்லடா. மிஷினைச் சாய்ச்சே பிடிச்சிருக்கேன், ஓரம்தான் கீறியிருக்கு!"

"திருடன் அகப்பட்டாச்சு. களவுபோன பளபளப்பு எப்ப திரும்பி வரும்?"

பாலிஷ்காரன் புது ஸ்பாஞ்சை மாட்டி, வேகத்தைக் குறைத்து, மிஷினைத் தட்டையாக வைத்து பானெட்டில் உள்ளங்கை அகல இடத்தில் மட்டும் ஓட்டினான். துடைத்துவிட்டுக் குனிந்தான். அந்த இடத்தில் சூரியன் ஒரே புள்ளியாக, சுற்றிலும் கீறல் இல்லாமல் தெரிந்தது.

முதலாளி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து நடந்து பார்த்தான். கேலி பண்ண ஒன்றும் அகப்படவில்லை.

"நின்னு அழகு பாத்தது போதும் மச்சான், மிச்சத்தையும் சாயங்காலத்துக்குள்ள இப்படியே முடிக்கணும், உள்ள தள்ளுவோம்" என்று காருக்குப் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தான்.