மஃரிப்புக்கு நின்ற பாட்டு

மேடை ஏறுமுன் ஜெயராஜ் கித்தார்ப் பெட்டியின் சாவியை மனைவி லோகேஸ்வரியின் கையில் வைத்து அழுத்தினார்.

“இன்னைக்கு விரல் பேச்சு கேக்கலைன்னா பெட்டியைப் பூட்டிட்டுச் சாவிய நீயே வச்சுக்க. நான் கெஞ்சினாலும் குடுக்காத.”

“சும்மா இருங்க லா. ஏறும்போதே இறங்குற பேச்சு,” என்றாள் அவள். ஆனாலும் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அது விளையாட்டுப் பேச்சில்லை. முப்பது வருடமாகப் பினாங்கில் ப்ளூஸ் ராக் என்றால் ஜெயராஜ்தான். பகலில் பாயான் பாரு ஃபேக்டரியில் மெஷின் பார்ப்பார். சாயங்காலமானால் ஹோட்டல் லவுஞ்சோ, கல்யாண மண்டபமோ, கடலோர மேடையோ, எங்கே கூப்பிட்டாலும் கித்தாரோடு போய் நிற்பார். சிங்கப்பூரில் வாசித்துவிட்டு அடுத்த ஷிப்டுக்கு வந்து நின்ற மனுஷன்! ஒரே ஒரு சிடி போட்டார். அதில் கடைசியாக வரும் பதினோரு நிமிடப் பாட்டுக்குத்தான் இத்தனை பெயரும். பாதியில் பாடுவதை நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கம்பிமேல் விரலை ஓடவிடுவார் பாருங்கள், அப்பப்பா, கேட்கிறவர்களுக்கு மூச்சு வாங்கும்.

அந்த இடம் வந்ததும் லோகேஸ்வரி மட்டும் எழுந்து கரும்புச்சாறு வாங்கப் போய்விடுவாள். “உங்க வேகத்துக்கு எனக்குத் தலை சுத்துது” என்பாள். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவள் அதை முழுதாகக் கேட்டதே கிடையாது. ஊரே கேட்கும்போது இவள் கேட்கவில்லையே என்று அவருக்கு உள்ளுக்குள் வலிக்கும். சொன்னதில்லை.

போன நவம்பரில் ஒரு காலை, சட்டைப் பித்தான் போடும்போது இடது கை சொன்னபடி கேட்கவில்லை. லேசான ஸ்ட்ரோக் என்றார் டாக்டர். கை மெல்லத் திரும்பியது, மோதிர விரலைத் தவிர. கம்பியை மேலே தள்ளி அந்த அழுகிற சத்தத்தை எடுக்கிற விரலே அதுதான். எட்டு மாதம் அவர் மேடைப் பக்கமே போகவில்லை. இன்றுதான், இந்த ஜூலை சாயங்காலத்தில், பாடாங் கோட்டா கடலோரத்தில் மறுபடி நிற்கிறார்.

வழக்கமாகப் பாட்டு வரிசையை எழுதுவது டிரம்ஸ் வாசிக்கும் அப்துல் ரசாக். அந்தித் தொழுகைக்கு அழைக்கும் மஃரிப் பாங்கு நேரம் மாதத்துக்கு மாதம் மாறும். அது சரியாக இடைவேளையில் விழும்படி எழுதுவார். அவரும் போய்த் தொழுதுவிட்டு வருவார். பாங்கு ஒலிக்கும்போது அவர்கள் ஒருநாளும் வாசித்ததில்லை. இந்த முறை பதற்றத்தில் ஜெயராஜ் தன் பழைய பட்டியலையே எடுத்து மேடையில் ஒட்டிவிட்டார். அது நவம்பர் பட்டியல், ஏழு மணிப் பாங்குக்கு எழுதியது. ஜூலையில் பாங்கு ஏழே முக்காலுக்கு. நண்பன் மறுபடி மேடை ஏறுகிற பரபரப்பில் ரசாக்கும் அன்றைக்கு அதைக் கவனிக்கவில்லை.

இடைவேளை முடிந்து பெரிய பாட்டைத் தொடங்கியபோது கடலும் வானமும் ஒரே நிறத்துக்கு வந்திருந்தன. எதிர்க்கரைப் பட்டர்வொர்த் விளக்குகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கின. ஜெயராஜ் கண்ணை மூடினார். மேடை ஃபெரி மாதிரி மெல்ல ஆடுவதாகத் தோன்றியது. உடம்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மோதிர விரலால் கம்பியைத் தள்ளினார். விரல் கேட்டது! எட்டு மாதம் கோபித்துக்கொண்டு போயிருந்தது, சொன்ன இடத்தில் வந்து நின்றது.

சட்டென்று பின்னால் டிரம்ஸ் ஓய்ந்தது. பள்ளிவாசலிலிருந்து பாங்கு.

“யா அல்லா, இது நவம்பர் லிஸ்ட்டுடா ஜெய்!” ரசாக் கிசுகிசுத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஜெயராஜ் சத்தத்தை அமர்த்தினார். விரலை மட்டும் கம்பியிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் போய்விடுமோ என்று பயம். கடவுளே, கொடுத்ததைப் பிடுங்காதே என்று வேண்டிக்கொண்டார். பாங்கின் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே அலைச் சத்தம் கேட்டது. இத்தனை வருடமும் இந்த நேரத்தை மீ கோரெங் நூடுல்ஸ் தின்றே கழித்திருக்கிறார். வரிகளுக்கு நடுவே இருந்த அந்த இடைவெளியில் அவசரமே இல்லை. அவர் அதற்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார்.

பாங்கு முடிந்தது. “பாட்ட முடிச்சிருவோம். அப்புறம் நான் போய்த் தொழுதுட்டு வந்துர்றேன்,” என்று ரசாக் மெல்லத் தாளத்தைத் தட்டினார்.

விரல் மரத்துக் கிடந்தது. தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. மற்ற விரல்களை வைத்து ஒரு சுரம் வாசித்தார். அடுத்ததுக்கு விரல் வந்து சேர நேரமானது. அதுவரை அலை கேட்டது. பிறகு இன்னொன்று. ஓட முடியாத பாட்டு நடந்து நடந்து கரை சேர்ந்தது. கைதட்டல் வந்தது, பழைய கூச்சல் வரவில்லை.

அவ்வளவுதான், பூட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே கண்ணைத் திறந்தார். முன்வரிசையில் லோகேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். கையில் கரும்புச்சாறு இல்லை.

கீழே இறங்கிப் போனார். “விரல் கேக்கல, லோகா. சாவி உன்கிட்டயே இருக்கட்டும்.”

“எந்தச் சாவி?” அவள் புறங்கையால் கன்னத்தைத் துடைத்தாள். “ரசாக் அண்ணே தொழுதுட்டு வரட்டும். இதையே இன்னொரு தடவ வாசிங்க. இப்ப வாசிச்ச மாதிரியே.”