ஞாயிறு பிறந்த நாள்

அச்சகம் வைத்து இருபது வருஷமாகிறது. தலைப்பு வரியில் நான் கமா போடுவதில்லை. பெரிய எழுத்துக்கு நடுவே கமா நின்றால், நல்ல முகத்தில் மரு முளைத்த மாதிரி இருக்கும் என்பது என் கட்சி. கல்யாணப் பத்திரிகை, கடைத் திறப்பு, இரங்கல் அட்டை எதுவானாலும் தூக்கிவிடுவேன். அதனால் இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரங்கல் அட்டைக்காரர்களுக்கு ஏற்கெனவே ஆகிவிட்டது.

இந்தக் கட்சிதான் போன டிசம்பரில் என்னைத் தெருவில் நிறுத்தப் பார்த்தது.

என் மாமனார் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்தவர். தராசில் இரண்டு கிராம் குறைந்தாலும் கடைக்காரனின் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாராம். என்னையும் ஒரே பார்வையில் எடை போட்டார். நான் சாமி கும்பிடாத ஆள். "என் மக எப்ப வேணும்னாலும் வரட்டும். அவர் வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். எட்டு வருஷமாக ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மனைவியை அவர் வீட்டு கேட்டில் இறக்கிவிட்டு, அவள் சாப்பிட்டு வரும்வரை வண்டியில் சாய்ந்தபடி நிற்பேன். எனக்கும் ரோஷம் உண்டு. ஆனால் உள்ளே கேட்கும் சிரிப்புச் சத்தத்தில் ஒருநாளாவது போய் உட்கார வேண்டும் என்ற ஆசை அதைவிட அதிகம். வெட்கத்தை விட்டுத்தான் சொல்கிறேன்.

அப்படிப்பட்டவர் நவம்பர் கடைசியில் என் அச்சகத்துக்கு வந்தார். அவர் போகும் சர்ச்சில் அவர்தான் சபைச் செயலர். கிறிஸ்துமஸ் அழைப்பு அட்டை முந்நூறு வேண்டும் என்றார். வழக்கமான அச்சகத்தில் மெஷின் ரிப்பேராம். மனைவியிடம் சொன்னேன். அவள் உடனே அந்த அச்சகத்துக்கு போன் போட்டு விசாரித்துவிட்டாள்.

"அங்க மெஷின் ஜம்முனு ஓடுதாம். அப்பாவுக்கு உங்க கிட்ட வரணும்னு இருக்கு. சொல்லத்தான் வாய் வரல. சொதப்பிடாதீங்க."

சொதப்பவே கூடாது என்றுதான் ராப்பகலாக உழைத்தேன். அந்த வருஷம் டிசம்பர் இருபத்தைந்து ஞாயிற்றுக்கிழமை. மாமனார் எழுதித் தந்த வரி: 'டிசம்பர் 25 ஞாயிறு, பிறந்த நாள் ஆராதனை'. பிழை பார்க்கப் புரூப் எடுத்துக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். அட்டையின் நாலு ஓரத்தையும் ஸ்கேல் வைத்து அளந்தார். கையெழுத்துப் போட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். அவர் போன பிறகு கை அரித்தது. எழுத்தைப் பெரிதாக்கினேன், கமாவைத் தூக்கினேன், பின்னால் தங்க மையில் ஒரு நட்சத்திரமும் போட்டேன். மை கொஞ்சம் பரவி, நட்சத்திரம் உருண்டையாகக் கதிர் விட்டுக்கொண்டு விழுந்தது. பார்க்கப் பிரமாதமாக இருந்தது. முந்நூறும் ஓட்டிக் கட்டி அனுப்பினேன். வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தும் விட்டது.

புதன்கிழமை மத்தியானம் மனைவி ஒரு அட்டையோடு வந்து நின்றாள்.

"இதைச் சத்தமா படிங்க."

"டிசம்பர் இருபத்தஞ்சு. ஞாயிறு பிறந்த நாள் ஆராதனை."

படித்து முடித்த பிறகுதான் உறைத்தது. ஞாயிறு என்றால் கிழமையும்தான், சூரியனும்தான். முந்நூறு வீட்டுக்கும் சூரியனுடைய பிறந்த நாளைக் கும்பிட வரச்சொல்லி அழைப்பு அனுப்பியிருக்கிறேன். கூடவே சூரியன் படமும்.

"ஆர்கன் வாசிக்கிறவர் போன் பண்ணி, 'ஆராதனையை மொட்டை மாடியில வெச்சுக்கலாமா'ன்னு அப்பாவைக் கேக்கறார். அஞ்சு மணிக்குக் கமிட்டி கூடுது. அப்பா ராஜினாமாக் கடிதம் எழுதிட்டிருக்கார்."

கையெழுத்துப் போட்ட புரூப்பைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடினேன். கோயிலுக்குப் பக்கத்தில் சின்ன அறை. அங்கியெல்லாம் மாட்டிய அலமாரி, நீளமான மேஜை, சுற்றிலும் கமிட்டிக்காரர்கள் ஏழு பேர். மேஜையின் தலைப்பக்கம் சபையின் போதகரம்மா. மாமனார் நின்றுகொண்டிருந்தார்.

"புரூப் பார்த்தது நான். கையெழுத்துப் போட்டது நான். தப்பு என்னோடது. அச்சகத்து மேல ஒரு குறையும் இல்ல" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் கதவருகே நின்றுவிட்டேன். இரண்டு கிராமை விடாத மனுஷன், என் குற்றத்தை முழுசாகத் தன் தட்டில் போட்டுக்கொண்டு நிற்கிறார்.

"பொய் சொல்றார்!" என்று கத்திவிட்டேன். கோயிலில் சொல்கிற வார்த்தையா அது? புரூப்பை மேஜையில் போட்டேன். "பாருங்க, இதுல கமா இருக்கு. அவர் போனதுக்கப்புறம் அழகுக்காக நான்தான் எடுத்தேன். அவர் எழுதினதுல ஒரு புள்ளிகூடத் தப்பில்ல."

போதகரம்மா புரூப்பைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, இவர் தெரியாமலே சரியான தேதியில போட்டிருக்கார்" என்றார் மாமனாரிடம். "பழைய ரோமாபுரியில இதே இருபத்தஞ்சாம் தேதிதான் சூரியனுக்குப் பிறந்த நாள். பகல் குறைஞ்சுகிட்டே வந்து, மறுபடி நீள ஆரம்பிக்கற சமயம். பச்சை இலையைத் தோரணம் கட்டறது, விளக்கேத்தறது, பரிசு கொடுக்கறது எல்லாம் அந்தக் குளிர்காலப் பண்டிகைகள்லயே இருந்ததுதான். அதுல இருந்துதான் நம்ம தேதி வந்ததுன்னு சிலர் சொல்றாங்க. இல்ல, அது வேற கணக்குன்னும் சிலர் சொல்றாங்க. வேதத்துல தேதியே கிடையாது."

மாமனாரின் முகம் வெளுத்துவிட்டது. எழுபது வருஷம் கொண்டாடியவர். "அப்ப இது அடுத்தவங்க பண்டிகையா? நம்முதே இல்லையா?" என்று கேட்டார். அந்த நிமிஷம் நான் அவரைப் போய்த் தாங்கிப் பிடிக்கலாமா என்று பார்த்தேன்.

போதகரம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து அவர் அருகில் வந்தார்.

"ஐயா, நம்ம ஆண்டவர் பிறந்ததும் எங்க படுக்க வெச்சாங்க? மாட்டுக்குத் தீனி போடற தொட்டியில. அது அவருக்குன்னு செஞ்சதா? இடமில்லைன்னு சொன்ன ஊர்ல, அடுத்தவங்களோட தொட்டியில வந்து படுத்துக்கிட்டார். தொட்டியையே எடுத்துக்கிட்டவர் ஒரு தேதியை எடுத்துக்கிட்டா என்ன? நம்மளோடது, அடுத்தவங்களோடதுன்னு பார்க்காம வந்தாரே, அதைத்தானே கொண்டாடறோம்?"

மாமனார் ராஜினாமாக் கடிதத்தைப் பைக்குள் வைத்தார், குடையை எடுத்தார், என்னைத் தாண்டி வெளியே போய்விட்டார். அட்டை அப்படியே இருக்கட்டும் என்று கமிட்டி முடிவு செய்தது. சூரியனுக்கு எத்தனை கிலோ பிறந்த நாள் கேக் வேண்டும் என்று ஆர்கன்காரர் ஆரம்பித்துவிட்டார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் மட்டும் மாமனாரின் பின்னாலேயே ஓடினேன். எட்டு வருஷம் கழித்துத் திறக்க வந்த கதவை நானே அடித்துச் சாத்திவிட்டேன் என்று மனசு அடித்துக்கொண்டது.

அவர் கோயில் கேட்டுக்கு வெளியே, தெருவிளக்குக் கம்பத்தைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"ஐயா, மன்னிச்சிடுங்க" என்றேன். "வேற அட்டை அடிச்சுத் தரேன். நானே வீடு வீடாப் போய் மாத்திக் கொடுத்திட்டு வரேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"சூரியனோட தேதியை உள்ள விட்டாச்சு. இலையை விட்டாச்சு, விளக்கை விட்டாச்சு. எதுவும் கெட்டுப் போகல" என்றார். "உங்களை மட்டும் எட்டு வருஷமா கேட்டுக்கு வெளியிலயே நிறுத்தி வெச்சிருக்கேனே, மாப்பிள்ளை."

மாப்பிள்ளை. கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூடத் தோன்றவில்லை.

"அப்ப ஞாயித்துக்கிழமை வரட்டுமா, மாமா? எத்தனை மணிக்கு வரணும்?"

"அது வரைக்கும் எதுக்கு?" என்று குடையால் தன் தெருவைக் காட்டினார். "உங்க அத்தை அடுப்புல உலை வெச்சிருப்பா. இப்பவே வாங்க."