இடது கை வீச்சுக்கு ஒரு தீர்ப்பு

1.

இந்தக் கதை ஒரு வாட்ஸப் செய்தியில் தொடங்கியது. "அக்கா, வர்ற ஞாயிறு விளையாடுவமா? அண்ணனோட டேர்ன் பாதியில நிக்குது."

அனுப்பியவன் கௌதம்ராஜ், ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எலெக்ட்ரீசியன். அண்ணன் என்று அவன் சொல்வது என் கணவர் ஜெயபாண்டியை. அவர் இறந்து பதினோரு மாதம் ஆகிறது.

'நான்' என்று எழுதிப் பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டது. ஆகவே இனி அவள் வெங்கடேஸ்வரி. பெயர் என்னுடையதுதான், ஆளைக் கொஞ்சம் தள்ளி நிற்க வைத்திருக்கிறேன்.

2.

தொடக்கம், முதல் முயற்சி: குகையின் இருட்டிலிருந்து ஓநாய்மனிதன் பாய்ந்தபோது கொம்பன் தன் இரண்டு

(வேண்டாம். விளையாட்டை அறியாதவர் இங்கேயே எழுந்து போய்விடுவார்.)

இரண்டாம் முயற்சி: ராஜபாளையத்தில் கௌதம்ராஜ் வீட்டு மாடி. நான்கு பேர். மேசை மேல் விரித்த சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியில் பேனாவால் கட்டம் போட்டு வரைந்த ஒரு குகை. ஆளுக்கொரு பாத்திரம், அது என்ன செய்கிறது என்று வாயால் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதை இருபது பக்கப் பகடை சொல்லும், எண் பெரிதாக விழுந்தால் நடக்கும். விதிப் புத்தகம் வெங்கடேஸ்வரியின் மடியில். கதை சொல்வதும் அவள், தீர்ப்புச் சொல்வதும் அவள். ஜெயபாண்டியின் பாத்திரத்துக்குக் கொம்பன் என்று பெயர். வலது கையில் வீச்சரிவாள், இடது கையில் கதிர் அரிவாள்.

பகடையை எவர்சில்வர் டம்ளரில் குலுக்கித் தட்டில் கவிழ்ப்பார்கள். விதியில் சந்தேகம் வந்தால் டம்ளரைத் தூக்கக் கூடாது. முதலில் தீர்ப்பு, பிறகுதான் எண். தீர்ப்பு 'முடியாது' என்றால் மூடியபடியே உலுக்கிவிட வேண்டும். விழுந்த எண்ணை யாரும் பார்க்கக் கூடாது. எண் தெரிந்தால் மனசு அந்தப் பக்கம் சாயும் என்று இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவளே வெங்கடேஸ்வரிதான். புருசனும் பெண்டாட்டியும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் இப்படி ஏதாவது தேவைப்படுகிறது.

3.

விதி இது. ஒருவர் தன் முறையில் ஒரு தடவை வெட்டலாம். இரண்டு கையிலும் ஆயுதம் இருந்து, இரண்டுமே இலேசானவையாக இருந்தால், இடது கையாலும் ஒரு தடவை வெட்டலாம்.

எவை இலேசு என்று புத்தகத்தில் பட்டியல் இருக்கிறது. கதிர் அரிவாள் அதில் இருக்கிறது. வீச்சரிவாள் இல்லை, வெளிநாட்டுப் புத்தகம், எழுதியவர்கள் அதைப் பார்த்திருக்க நியாயமில்லை. நீளத்தைப் பார்த்தால் வாளோடு சேர்க்க வேண்டும், வாள் இலேசில்லை. பிடிக்கிற பிடியைப் பார்த்தால் கைக்கோடாலியோடு, அது இலேசு. மூன்று வருடமாக இந்தக் கேள்வி எழவே இல்லை. கொம்பன் இடது கையைக் கயிறு அறுக்க மட்டுமே பயன்படுத்தி வந்தான்.

ஜெயபாண்டி இறந்த வாரம், ஞாயிறு மத்தியானம், கொம்பனுக்கு உயிர் ஒரு புள்ளிதான் மிச்சம். வலது கை வெட்டுத் தவறிவிட்டது. ஓநாய்மனிதனும் சாகக் கிடந்தான். இடது கை பட்டால் அவன் விழுவான். படாவிட்டால் அடுத்த கடியில் கொம்பன் முடிந்தான்.

"இடது கையால போடுதேன்," என்று ஜெயபாண்டி டம்ளரைக் கவிழ்த்தார்.

"பொறுங்க," என்றாள் வெங்கடேஸ்வரி. "வீச்சருவா இலேசான ஆயுதமா?"

"எங்க மகாராஜபுரத்துல வந்து கேளு. பொம்பளையளே ஒத்தக் கையில வீசுவாக."

"அவிய வேலிமுள்ளு வெட்டுவாக. ஓநாயவா வெட்டுதாக?"

மகாலட்சுமி சிரித்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவள், விளையாட்டிலும் வைத்தியச்சி. "அண்ணே, ராத்திரி சோறு வேணும்னா ஒத்துக்கிடுங்க."

"சோறு நாந்தாம்மா பொங்குதேன். நடுவரம்மா எங்க பொங்குதா?"

"படிச்சிட்டு அடுத்த வாரம் சொல்லுதேன்," என்றாள் வெங்கடேஸ்வரி. கவிழ்த்த டம்ளரை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்கள்.

செண்பகத்தோப்புக் காட்டில் வேட்டைத் தடுப்புக் காவலராக இருந்த ஜெயபாண்டி, அந்தப் புதன்கிழமை வேலை முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு வருகிற வழியில்

(ஏழு தடவை எழுதினேன், ஏழு தடவையும் அடித்தேன். பைக்கில் வரும்போது நெஞ்சுவலி. இதற்கு மேல் கதைக்கு வேண்டியதில்லை.)

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: படிக்க எதுவும் இருக்கவில்லை. அவள் மனதில் தீர்ப்பு அப்போதே இருந்தது: 'முடியாது'. பாரபட்சம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று ஜெயபாண்டிக்கு எதிராகவே சொல்லிப் பழகியிருந்தாள். சொல்லியிருந்தால் வீடு வரை பைக்கில் அவர் முதுகுக்குப் பின்னால் பேசாமல் உட்கார்ந்து வர வேண்டியிருக்கும். அந்தப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குப் பயந்து தள்ளிப்போட்டாள்.

4.

கௌதம்ராஜுக்குப் போன் போட்டாள்.

"டம்ளர் அப்படியேவா இருக்கு?"

"தட்டோட அலமாரி மேல இருக்குக்கா. போன மாசம் வெள்ளையடிக்க வந்தாங்க. உள்ள தேள் கெடக்கு, தொட்டுறாதீகன்னு சொல்லிவச்சேன்."

"நீ தூக்கிப் பாத்தியா?"

"ஏங்க்கா இப்படிக் கேக்கீக. கை வரைக்கும் போச்சு. தூக்கல."

அவள் நம்பினாள். நம்பியதால் பயம் கூடியது. 'முடியாது' என்றால் அந்த மேசையில் அவர் கை கடைசியாகச் செய்தது என்னவென்று யாருக்குமே தெரியாமல் போகும். செத்துப்போனாரே என்று 'முடியும்' என்றால், அது தீர்ப்பில்லை, பிச்சை.

5.

வெள்ளத்தாயை இந்தக் கதைக்குள் விடுவதா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. ஜெயபாண்டியின் அம்மா. ஆனால் அரிவாளின் கனம் பார்க்க மகாராஜபுரம் போனால் அவள் கண்ணில் படாமல் அதைத் தொட முடியாது.

வலது கையில் வீச்சரிவாள், இடது கையில் கதிர் அரிவாள் என்று கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் மருமகள் நின்றதை அவள் பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, யாரை வெட்டப் போற?"

"யாரையும் இல்ல அத்தை. கனம் பாக்கேன்."

"ரெண்டு கையிலயுமா?"

வெங்கடேஸ்வரி வீசினாள். வலது கை இழுத்த இழுப்புக்கு உடம்பே சுற்றிக்கொண்டு போனது. இடது கை எங்கிருக்கிறது என்றே தெரியவில்லை. வெள்ளத்தாய் வீச்சரிவாளை வாங்கி, நின்ற இடத்திலிருந்தே வேலிமுள்ளை ஒரு கையால் சீவித் தள்ளினாள். "இதுல என்ன கனம்?"

வெங்கடேஸ்வரி எல்லாவற்றையும் சொன்னாள். கொம்பன், ஓநாய்மனிதன், டம்ளர். வெள்ளத்தாய் முள்ளை மிதித்துக்கொண்டே கேட்டாள்.

"அதுல அவன் இன்னும் உசுரோட நிக்கானா?"

"நிக்காரு."

வெள்ளத்தாய் அவள் கையிலிருந்த சின்ன அரிவாளையும் பிடுங்கிக்கொண்டாள். "இம்புட்டு நாளு எங்கிட்ட சொல்லாம எப்பிடிட்டி இருந்த?"

6.

முடிவு, ஒன்று: இலேசு என்கிறாள். டம்ளரைத் தூக்குகிறார்கள். பத்தொன்பது. எல்லோரும் அழுகிறார்கள். (இந்த எண்ணை என் ஆசை எழுதியது. அடித்துவிட்டேன்.)

இரண்டு: இலேசில்லை என்கிறாள். கௌதம்ராஜ் டம்ளரை மூடியபடி உலுக்குகிறான். உள்ளே பகடை இரண்டு பக்கமும் மோதுகிற சத்தம். அதைக் கேட்டுக்கொண்டு அவள்

மூன்று: இலேசு என்கிறாள். எண் நான்கு. படவில்லை. ஓநாயின் முறை. கடிக்கிறது என்று தன் வாயால் அவள்தான் சொல்ல வேண்டும், கதை சொல்கிறவள் அவள்தானே. (இதுவும் நியாயமான முடிவுதான். இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறேன்.)

7.

ஞாயிறு நாளைக்கு. வருகிறேன் என்று மகாலட்சுமியும் சொல்லிவிட்டாள்.

அவளை இனித் தள்ளி நிறுத்த முடியவில்லை, நானே வந்துவிடுகிறேன். அவருக்கு எதிராகச் சொல்லிப் பழகியவள் நான். இப்போது அவருக்காகச் சொல்லத் துடிக்கிறேன். இந்த இரண்டு பேரில் யார் தீர்ப்புச் சொன்னாலும் செல்லாது. மற்ற இருவரும் நான் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார்கள். வெள்ளத்தாயிடம் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

நீங்கள் ஜெயபாண்டியைப் பார்த்ததில்லை. அவர் சிரித்தால் எப்படி இருப்பார் என்பதை வேண்டுமென்றே எங்கும் எழுதவில்லை. வீச்சரிவாள் என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வந்து, அதற்கு மேலும் நான்கு விரற்கடை நீளும். வெள்ளத்தாய் கைக்கு இலேசு, என் கைக்குக் கனம். விதி மூன்றாம் பகுதியில் இருக்கிறது.

ஒரு தடவை திரும்பப் படித்துவிட்டு, முடியும் அல்லது முடியாது என்று சொல்லுங்கள். பரிதாபப்பட்டு மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவருக்குப் பிடிக்காது.