எல்லை தாண்டிப்போன முகாம் வீடு

எங்கள் நார்வே ஊர்களில் ‘தூக்னாட்’, அதாவது ஊர்கூடிச் செய்யும் பொதுவேலை, என்று அறிவித்துவிட்டால், காய்ச்சல்காரன்கூட சுத்தியலோடு வந்து நிற்பான். கூலி கிடையாது, மேஸ்திரி கிடையாது. காபியும் வாஃபிளும் உண்டு. வராதவனை ஊர் பத்து வருஷம் பேசும். 1974இல் பிள்ளைகளுக்கான கோடை முகாமை ஏரிக்கரையில் அப்படித்தான் கட்டினோம்.

ஊராட்சி கொடுத்த நிலத்தில் அளந்து முளைக்குச்சி அடித்தவள் நான், குன்வோர், முகாம் குழுவின் செயலாளர். மறுநாளே எனக்குப் பிரசவ வலி. குழந்தையோடு திரும்பி வந்து பார்த்தால் சுவர் எழும்பியிருந்தது. நான் குறித்த இடத்தில் அல்ல, மேட்டுக்கு மறுபக்கம். குழுதான் மாற்றியிருக்கும் என்று நானும் சுத்தியலை எடுத்தேன். குழுவோ அது நான் அடித்த குச்சி என்று நம்பிக் கட்டிக்கொண்டிருந்தது. தூக்னாடில் ஏன் என்று கேட்கிற வழக்கமே இல்லை.

பக்கத்து நிலத்துக்காரர் தோர்கிரிம் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. மனைவி இறந்தபிறகு அதிகம் பேசாத மனிதர். கூரை ஆணியில் பாதி அவர் அடித்தது.

திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நில அளவையாளர் வந்து வரைபடத்தை விரித்தார்.

“வீடு முழுசா தோர்கிரிம் நிலத்துல நிக்குதே!”

எனக்கு உயிரே போய்விட்டது. ஊரே உழைத்த உழைப்பு. தோர்கிரிம் வீட்டைப் பிரித்துக்கொண்டு போ என்றால், பதிவு செய்த அறுபது பிள்ளைகளை எங்கே தங்கவைப்பேன்? ஓடினேன். தோர்கிரிம் வாசலில் மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

“உங்க நிலம்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியுமே.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“யாரும் கேக்கலியே. வேலை நடக்கறப்ப குறுக்க பேசறது மரியாதையா?”

“உங்க நிலத்துல நாங்க வீடு கட்டறோம், நீங்க வாஃபிள் தின்னுட்டு சும்மா இருந்தீங்களா!”

“ஒண்ணுக்குமேல எடுத்ததே இல்ல,” என்றார் ரோஷமாக. பிறகு கத்தியைக் கீழே வைத்தார். “குச்சியப் புடுங்கி இங்க நட்டது நான்தாம்மா. நீ அடிச்ச எடம் வெறும் சேறு. ரெண்டு குளிர்காலத்துல வீடு உள்ள எறங்கிடும்.”

“அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

“சொன்னா கூட்டம் போடுவீங்க. கிறிஸ்மஸ் வரைக்கும் பேசுவீங்க.”

விட்டேனா நான்? மேட்டுக்கு அந்தப் பக்கம் அவரை இழுத்துக்கொண்டு போய், குறித்த இடத்தில் ஓங்கி மிதித்தேன். கருங்கல் பாறை. குதிகால் விண்ணென்று தெறித்தது.

“சேறு எங்க?”

காதுவரை சிவந்துவிட்டார். “இங்க கட்டினா பசங்க சத்தம் என் வீட்டுக்குக் கேக்காது,” என்றார்.

“அறுபது பசங்க! காது கிழிஞ்சிடும்.”

“கிழியட்டும். பதினோரு வருஷமா கடிகாரச் சத்தம் மட்டும்தான் கேக்குது. நெலத்த முகாம் பேருக்கே எழுதிக்கோ.”

நான் அழுதால் அவர் வெட்கத்தில் செத்துப்போவார் என்று மீனைப் பற்றி ஏதோ கேட்டு வைத்தேன்.

முகாமின் வரலாற்றுப் புத்தகத்தை எழுதியவளும் நான்தான். முதல் பக்கத்தில், ‘சேற்று நிலம் என்பதால் கட்டடம் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டது’ என்றிருக்கிறது. அதில் நான் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான்.