ஆயிரம் தடவை

ஹேலன்விக் ஊரில் நகர்மன்றத் தேர்தல் முடிந்தபோது லொரீனுக்கும் வெர்னுக்கும் ஆளுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. மினசோட்டா மாநிலச் சட்டப்படி பூவா தலையா போட்டுத்தான் தீர்க்க வேண்டும். நகர எழுத்தர் மார்லிஸ் தன் பர்ஸிலிருந்த கால் டாலர் காசைச் சுண்டினாள். தலை விழுந்தது. தலை கேட்டிருந்த லொரீன் ஜெயித்தாள்.

மூன்றாம் நாள் வெர்ன் அலுவலகத்துக்கு வந்தான். அவனும் மார்லிஸும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"உன்ன திருடின்னு சொல்லல மார்லிஸ். காசு சரியில்லன்னுதான் சொல்றேன்."

இரண்டுக்கும் வித்தியாசம் இல்லையென்று அவளுக்குத் தெரியும். இருபத்தாறு வருஷ வேலையில் யாரும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. காசைச் சோதித்துப் பார்க்கலாம் என்று அவளே சொன்னாள்.

பள்ளிக் கணக்காசிரியர் ஆர்லோ விதிகளை எழுதினார். காசைக் காப்பிக் குவளையில் போட்டுக் குலுக்கி மேசைமேல் கவிழ்க்க வேண்டும். வெர்னும் மார்லிஸும் ஆளுக்குப் பத்து முறை, மாறி மாறி, மொத்தம் ஆயிரம். தலை ஐந்நூற்று முப்பத்தொன்றைத் தாண்டினால் காசின்மேல் சந்தேகம், வேறு காசில் தேர்தலுக்கு மறுபடி சுண்ட வேண்டும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

சனிக்கிழமை தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். முதல் நூறிலேயே தலை ஏறத் தொடங்கியது. ஒரு கட்டத்தில் தொடர்ந்து ஒன்பது தலை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நானூறாவது குலுக்கலில் தலை இருநூற்று இருபத்திரண்டு. இந்தக் காசு எந்தக் கடையில் சில்லறையாக வந்தது என்று யோசித்தாள், நினைவில்லை. தன்மீதே சந்தேகம் வந்துவிட்டது.

வெர்ன் குவளையைக் கீழே வைத்தான்.

"போதும் வாத்தியாரே. கண்ணுக்குத் தெரியுதே."

"ஜெயிக்கிற நேரமாப் பாத்து நிறுத்தினா அதுக்குப் பேரு சோதனை இல்ல, வெர்ன். ஆயிரம்னு கையெழுத்துப் போட்டிருக்க," என்றார் ஆர்லோ.

வெர்ன் முறைத்துவிட்டுக் குவளையை எடுத்தான்.

அதன்பின் காசு சாவகாசமாகத் திரும்பியது. தலைக்கு மறுபக்கமான கழுகு கொத்துக் கொத்தாக விழுந்தது. எழுநூற்று அறுபதில் தலை முந்நூற்று எண்பத்து நான்கு. ஏறக்குறையச் சரிபாதி. வெர்னின் தோள் தொய்ந்தது. காசு சரியானதுதான் என்று ஒத்துக்கொள்கிறேன், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம் என்றான். ஜனங்கள் குளிர்கோட்டுகளை மாட்டத் தொடங்கினார்கள்.

மார்லிஸ் எழுந்திருக்கவில்லை. அவளுக்கும் போய்விடத்தான் ஆசை. மிச்சத்தில் தலை மறுபடி ஏறினால்?

"நானூறுல உன்ன நிறுத்த விடல. இப்ப எனக்கு வசதியா இருக்குன்னு நான் நிறுத்த மாட்டேன். உக்காரு."

வெர்ன் உட்கார்ந்தான்.

உடனே ஏழு தலை. தொள்ளாயிரத்தில் நானூற்று அறுபத்தெட்டு. மார்லிஸ் குவளையைக் கவிழ்க்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாள். ஆர்லோதான் படித்துச் சொன்னார். ஆயிரமாவது முறை கழுகு விழுந்தது. தலை மொத்தம் ஐந்நூற்றுப் பத்தொன்பது, ஆர்லோ எழுதிய வரம்பைத் தாண்டவில்லை.

வெர்ன் தாளில் கையெழுத்திட்டுப் பேனாவை அவளிடம் நீட்டினான். மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. கழிவறைக்குப் போய்த் தாழிட்டாள். குழாயைத் திறந்துவிட்டுச் சத்தமில்லாமல் அழுதாள். வெளியே வந்தபோது வெர்ன் தனியாக நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தான். மறுமுனையிலிருந்து அவளும் மடிக்க ஆரம்பித்தாள்.